மூழ்காதவர்களின் கணக்கு

அந்த நீச்சல்குளத்தில் ஒருவரும் மூழ்கிச் செத்ததில்லை. விசில்காரருக்குக் கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் குளிக்க வருகிறவர்கள், மேனேஜர், வாசலில் டிக்கெட் கிழிக்கும் அக்கா என்று எல்லோருக்கும் அவர் விசில்காரர்தான். கோபம் வந்தால் மனைவிகூட "இங்க பாருங்க விசில்காரரே" என்றுதான் ஆரம்பிப்பாள். தண்ணீரோரம் வெள்ளை பெயின்ட் அடித்த உயரமான இரும்பு நாற்காலி ஒன்று நின்றது. கழுத்தில் விசிலோடு காலையில் அதில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. "குடுத்து வச்சவர்யா, வெயில் காய்ஞ்சா சம்பளம்" என்று அவர் காதுபடவே சொல்வார்கள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது தலைகளை. மூழ்குகிறவன் கத்த மாட்டான். வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, கத்த அவனுக்கு ஏது அவகாசம்? இல்லாத ஏணியில் ஏறுகிறவன் மாதிரி தண்ணீரை மிதிப்பான், முகம் வானத்தைப் பார்க்கும், அவ்வளவுதான், போய்விடுவான். ஒரு முழம் தள்ளிப் பந்து விளையாடுகிறவர்களுக்குக்கூடத் தெரியாது. அதனால் கூச்சல் கேட்கிற பக்கம் விசில்காரர் திரும்பவே மாட்டார். கத்துகிறவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட ஒப்புக்கொண்டதில்லை என்பது அந்த வேலையின் இன்னொரு விசேஷம். கரையில் உட்கார்ந்து இருமி முடித்ததும் முகம் சிவந்துபோய், "சும்மா மூச்சடக்கிப் பாத்துட்டிருந்தேன், நீங்க ஏன் முடியப் பிடிச்சு இழுத்தீங்க?" என்பார்கள். ஒருவர் மேனேஜரிடம் புகாரே கொடுத்தார். மேனேஜர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் 'மரணம்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வேறு கட்டம் கிடையாது.

மனைவியின் தம்பி செல்போன் கடை வைத்திருந்தான். எதிர்காலம் முதலில் அவன் கடைக்கு வந்து இறங்கிவிட்டுத்தான் ஊருக்குள் போகும் என்பது அவன் எண்ணம்.

"மாமா, உலகம் எங்கயோ போயிட்டிருக்கு. நீங்க இன்னும் ஏணி மேல உக்காந்து ஊதிட்டிருக்கீங்க" என்றான் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில்.

"எங்கடா போகுது?"

"டேட்டா மாமா, டேட்டா. இனிமே பாக்கறதெல்லாம் மிஷின் பாக்கும். டேட்டா சயின்டிஸ்ட்தான் எல்லாம். ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு அதைக் கத்துக்குடுக்கன்னே ஒரு பேரவை ஆரம்பிச்சிருக்காங்க."

"ஒண்ணுமே தெரியாதவங்களுக்கா? அப்ப உங்க மாமாவுக்கு உடனே இடம் கெடைச்சிடும்" என்றாள் மனைவி.

மகள் சிரித்தாள். குட்டி என்று கூப்பிடுவார்கள். முன்பற்கள் இரண்டும் விழுந்து புதிய பற்களுக்காகக் காத்திருந்த வயது. அவள் சிரிப்பு விக்கல் மாதிரி ஆரம்பித்து மேலே ஏறிக் கீச்சென்று முடியும். அந்தச் சிரிப்புக்காக விசில்காரர் எந்தப் பேரவையிலும் சேருவார். சேர்ந்தார்.

தொழில் மாற்றப் பேரவை இருந்த கட்டடம் முன்பு கட்டில் மெத்தைக் கடையாக இருந்தது. வகுப்பறைத் தூண் ஒன்றில் 'படுத்துப் பார்த்து வாங்குங்கள்' என்ற பலகையை அகற்ற மறந்திருந்தார்கள். வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதன் நெற்றியில் 'முந்தைய வாழ்க்கை' என்று எழுதியிருந்தது. சேருகிறவர்கள் பழைய தொழிலின் கருவியை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விசில்காரர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி வைத்தார். அவருக்கு முன்னால் நின்றவர் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் மடித்து வைத்தார். பின்னால் நின்ற நர்ஸம்மா, சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்த சின்னக் கடிகாரத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"திரும்பக் கெடைக்குமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?" என்றான் அலமாரிக்குக் காவல் நின்ற காவலாளி. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டான்.

பூட்டிய சாவியை அவன் எங்கே வைத்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் நாள் பேரவைத் தலைவர் பேசினார். மெல்லிய மனிதர், மெல்லிய குரல், எப்போதும் இப்போதுதான் கழுவியது போன்ற கைகள்.

"இங்க வர்றவங்கள்ல பல பேருக்கு ஒரு நோய் இருக்கு. அனுபவம்னு பேரு. பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே கவனிச்சா குணமாயிடும். எங்ககிட்ட படிச்சு வெளிய போனவங்க யாரும் இதுவரைக்கும் தப்பு பண்ணினதில்லை. ஏன்னா தப்பு பண்ணணும்னா முதல்ல ஒரு முடிவு எடுக்கணும். முடிவெல்லாம் தரவை வச்சுக் கம்ப்யூட்டர்ல ஓடற மாடல் எடுக்குது. நாம கையெழுத்து மட்டும் போடறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள்: "நான் ஆரம்ப நிலை. எனக்கு எதுவும் தெரியாது. தரவுக்குத் தெரியும்."

அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. வகுப்பு நடத்திய இளைஞனை வழிகாட்டி என்று அழைக்க வேண்டும். அவன் மேஜையில் ஒரு மணி இருந்தது. யாராவது 'எனக்குத் தெரியும்' என்று சொன்னால் அடிப்பான். ஒரு நாள் அந்த ரயில்வே கேட்காரர் அவசரமாக எழுந்தார்.

"கழிப்பறை எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றான் வழிகாட்டி.

"தெரியும்."

மணி அடித்தது. தகுந்த தரவைத் திரட்டிய பிறகு அவர் கிளம்பியபோது காலம் கடந்திருந்தது. அன்றிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. விசில்காரரும் கற்றுக்கொண்டார். வீட்டில் மனைவி, "பசிக்குதா?" என்றால், "கடைசியா எப்ப சாப்பிட்டேன்?" என்று கேட்க ஆரம்பித்தார். குட்டிக்கு அது பெரிய வேடிக்கை. மனைவிக்கு இல்லை.

கடைசித் தேர்வு ஒரு செயல்திட்டம். ஒவ்வொருவரும் தங்கள் பழைய வேலையிடத்துக்கே ஒரு மாடல் செய்ய வேண்டும். குளத்தின் கணக்குகள் முழுவதும் விசில்காரரின் கணினிக்கு வந்து சேர்ந்தன. வந்தவர்கள், வயது, தண்ணீரின் சூடு, அதில் கலக்கும் மருந்தின் அளவு, வெயில், மழை. கடைசியில் 'மரணம்'. மேலிருந்து கீழ்வரை முட்டை முட்டையாகப் பூஜ்யம்.

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கட்டம் சேர்த்தார். 'இழுத்துப் போட்டது' என்று தலைப்பு வைத்தார். நினைவிலிருந்து நிரப்பத் தொடங்கினார். பச்சை டிராயர் போட்ட வாத்தியார். பந்தயம் கட்டிக் குதித்த மாப்பிள்ளைப் பையன். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று, எது என்று அவற்றின் அம்மாவுக்கே குழப்பம். பாதி நிரப்பியிருந்தபோது தோளுக்குப் பின்னால் மெல்லிய குரல் கேட்டது.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"சார், இவங்கெல்லாம் போயிருக்க வேண்டியவங்க. நான் இழுத்துப் போட்டேன்."

"செத்தாங்களா?"

"இல்ல சார். அதான் சொல்றேன், நான் இழுத்துப்..."

"அப்ப என்ன நடந்துது?"

விசில்காரர் வாயைத் திறந்தார். என்ன நடந்தது? ஒருவர் வந்தார், குளித்தார், வீட்டுக்குப் போனார். திட்டிக்கொண்டே போனார்.

"ஒண்ணும் நடக்கல" என்றார்.

"பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க." தலைவர் கனிவோடு சிரித்தார். "நடந்தது தரவு. நடக்காதது உங்க கதை. கதை கேட்க எனக்கும் பிடிக்கும், ஆனா ஆபீஸ் நேரத்துல கேக்கறதில்லை. அந்தக் கட்டத்தை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க. இல்லேன்னா மறுபடி முதல் வகுப்புலேர்ந்து உக்காரலாம். அவசரம் ஒண்ணுமில்லை."

விசில்காரர் பழைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். மச்சான் தன் கடை வாசலில் 'எங்கள் மாமா டேட்டா சயின்டிஸ்ட்' என்று சொல்லாத வாடிக்கையாளர் பாக்கியில்லை. குட்டி பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவர் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து விசையை அழுத்தினார். வாத்தியாரும் மாப்பிள்ளையும் இரட்டையில் ஒன்றும் சத்தமில்லாமல் போனார்கள். மாடல் ஓடியது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

*குளம் முழுப் பாதுகாப்பானது. உயரமான நாற்காலி: தேவையில்லை.*

வகுப்பே எழுந்து கை தட்டியது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த மேஜையில் கேட்காரரின் திரையும் பச்சை. அவர் கேட்டில் ஒரு விபத்தும் நடந்ததில்லை. ஆகவே கேட் தேவையில்லை. நர்ஸம்மாவின் வார்டில் இரவில் யாரும் படுக்கையிலிருந்து விழுந்ததில்லை. அவளும் பச்சை. அவள் மட்டும் கை தட்டவில்லை. கையால் சட்டையில் கடிகாரம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பட்டமளிப்புக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். அங்கேதான் பேரவையின் வழக்கம் ஒன்று தெரியவந்தது.

"ஒரு காலத்துல பாலம் கட்டினவங்களை அந்தப் பாலத்துக்கு அடியிலயே நிக்க வச்சு மேல வண்டிய ஓட்டுவாங்களாம்" என்றார் தலைவர் மேடையில். "எவ்வளவு அழகான பழக்கம்! நாங்க அதை இன்னும் நாகரிகமாக்கியிருக்கோம். கட்டினவரை நிக்க வைக்கறதில்லை. அவருக்கு வேலை இருக்கும். அவர் வீட்டுல ஒருத்தரை, மாடலோட முதல் பயனாளரா நியமிக்கறோம்."

கேட்காரரின் மனைவியை மேடைக்கு அழைத்தார்கள். இனி அவள் தினமும் அந்தத் தண்டவாளத்தைத்தான் கடந்து கடைக்குப் போக வேண்டும். நர்ஸம்மாவின் தாயாருக்கு அந்த வார்டில் ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டது. அந்த அம்மாளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் ஒதுக்கப்பட்டது. பிறகு குட்டியைக் கூப்பிட்டார்கள். தலைவர் குனிந்து அவள் தலையில் ஒரு மஞ்சள் நீச்சல் தொப்பியை மாட்டினார். குட்டி பல்லில்லாத வாயால் சிரித்தாள். அரங்கம் முழுக்க அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சிரித்தது. விசில்காரர் மட்டும் அந்த மஞ்சள் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் மகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினார். வழியில் ரயில்வே கேட் இருந்த இடத்தில் இரும்புத் தூண்களைப் பிடுங்கிய இரண்டு குழிகள் மட்டும் இருந்தன. பக்கத்தில் கேட்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சிவப்புக் கைக்குட்டை.

"என்ன இங்க?" என்றார் விசில்காரர்.

"சும்மா காத்து வாங்க வந்தேன்."

"தண்டவாளத்துலயா?"

"இங்க நல்லா காத்து வருது." கேட்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் தூரத்தில் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எங்க போறீங்க?"

"சும்மா. குளிக்க."

நர்ஸம்மாவும் அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் பார்வையாளர் நாற்காலியில் தினமும் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி.

குளத்தில் நாற்காலி இல்லை. அந்த இடத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் மெதுவாக இடமும் வலமும் திரும்பும் ஒரு கண்ணாடிக் கண். 'நீந்தாதவர்கள் கரையில் உட்காரக் கூடாது' என்று புதிய பலகை. ஆகவே விசில்காரர் தண்ணீரில் இறங்கினார். ஆழம் ஆரம்பிக்கும் கயிற்றுக்கருகில் மார்பளவு நீரில் நின்றுகொண்டு தலைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்பா, நீங்க ஏன் நீந்தாம நிக்கறீங்க?"

"தண்ணி எப்படியிருக்குன்னு பாக்கறேன். நீ ஆடு."

ஒரே இடத்தில் அசையாமல் இருப்பவர் ஆபத்தில் இருப்பவர் என்று அந்தக் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது திரும்பியது. அவர் மேல் நின்றது. காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. குளத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பி விசில்காரரையே பார்த்தார்கள். "பயப்படாதீங்க! மூச்சு விடுங்க!" என்று கத்திக்கொண்டே மேனேஜர் ஓடிவந்தார். இரண்டு இளைஞர்கள் அவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். விசில்காரர் அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். கயிற்றுக்கு அப்பால், பூப்போட்ட தொப்பி அணிந்த ஒரு பருமனான அம்மாள் இல்லாத ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். முகம் வானத்தைப் பார்த்தது. பிறகு முகம் இல்லை. அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தவர்களும் விசில்காரரைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒருவனை உதைத்து, இன்னொருவனைக் கடித்து, கயிற்றைத் தாண்டிப் பாய்ந்தார்.

கரையில் அந்த அம்மாள் நன்றாக இருமினாள். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு சொன்னாள்: "என்னய்யா மனுஷன் நீ? சும்மா முங்கிப் பாத்தேன்."

கம்பத்தின் கீழே இருந்த திரையில் எழுத்துகள் வந்தன. *ஆபத்து: ஒன்று. காப்பாற்றப்பட்டவர்: ஆண், நடுவயது, அசையாமல் நின்றவர்.*

சில நாள் கழித்துத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒன்றுமே இல்லை, அவர் கைகளைத் தவிர.

"அந்தக் குளத்தோட சரித்திரத்துலயே மூழ்கப் பாத்த ஒரே ஆள் நீங்கதான்" என்றார். "தரவு அப்படித்தான் சொல்லுது. உங்களை உள்ள விடாம இருந்தா குளம் மறுபடி முழுப் பாதுகாப்பு. வாசல் கதவுக்கு உங்க முகத்தைச் சொல்லிக்குடுத்துட்டோம்."

"சார், என் மாடல் தப்பு. நானே சொல்றேன். நாற்காலிய திரும்பப் போடுங்க."

"தப்புன்னு காட்டுங்க. ஒரே ஒரு புள்ளி போதும்."

"என்ன புள்ளி?"

"அந்தப் பூஜ்யத்துக்குக் கீழ ஒரு ஒண்ணு." தலைவரின் குரல் இன்னும் மெல்லியதானது. "அது வந்துதுன்னா மாடல் தானாவே திருந்திக்கும். மறுநாளே நாற்காலிய நீங்க கேக்கறதுக்கு முன்னாடி போட்டிடுவோம். நாங்க பிடிவாதக்காரங்க இல்லை. வேற ஊர்க் குளங்களுக்கும் உங்க மாடலைத்தான் குடுத்திருக்கோம். எல்லாருமே அந்த முதல் புள்ளிக்காகத்தான் பொறுமையா காத்திட்டிருக்கோம்."

"என் பொண்ணை இனிமே அனுப்ப மாட்டேன்."

"தாராளமா. வீட்டு விஷயத்துல நாங்க தலையிடறதில்லை" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு மட்டும் முடியாது. கெளம்பியிருப்பாங்க."

"யாரு?"

"பள்ளிக்கூடம்."

விசில்காரர் படியில் இறங்கிக்கொண்டே மனைவிக்குப் போன் செய்தார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க, வகுப்பையே கூட்டிட்டுப் போறாங்க. முதல் பயனாளர் படிக்கற ஸ்கூல்னு அவங்களுக்குப் பெருமை. காலையிலயே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேனே."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? நீங்க போட்ட கணக்குதானே?" சில்லறை எண்ணும் சத்தம். "ஏங்க? கணக்கு சரிதானே?"

அவர் ஓடிக்கொண்டிருந்தார். வாசல் அலமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் தன் விசிலைப் பார்த்தார், இழுத்தார், பூட்டு அசையவில்லை, விட்டுவிட்டு ஓடினார். கேட்காரர் சிவப்புக் கைக்குட்டையோடு தண்டவாளத்தருகே நின்றிருந்தார். என்ன ஏதென்று கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க" என்று கையைக் காட்டினார். எத்தனையோ பேரை அப்படி அனுப்பிய கை.

குளத்தின் கதவு அவர் முகத்தைப் பார்த்தது. திறக்கவில்லை.

"அண்ணே, மிஷின் உங்களை விட மாட்டேங்குதே" என்றாள் டிக்கெட் அக்கா. அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "நான் என்ன பண்ண? ஆனா கவலைப்படாதீங்க, இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நீங்களே எழுதிக் குடுத்துருக்கீங்களே. கேளுங்க, பசங்க என்ன சந்தோஷமா கத்துதுங்க!"

மதிலுக்கு அப்பால் ஒரே கூச்சல். தண்ணீரை அடிக்கும் சத்தம், பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், ஆசிரியையின் அதட்டல். விசில்காரர் சுவரில் காதை வைத்தார். இத்தனை வருடங்களில் முதல்முறையாக அவர் கூச்சலைக் கேட்டார். அதற்குள் தேடித் தேடி ஒரு சிரிப்பைப் பிடித்தார்: விக்கல் மாதிரி ஆரம்பித்து மேலே ஏறி, கீச். அவர் மூச்சு திரும்பி வந்தது. மறுபடி அந்தச் சிரிப்பு. விக்கல், ஏற்றம், கீச். இன்னொரு முறை. விக்கல், ஏற்றம்.

கீச் வரவில்லை.

சிரிப்பு நிற்க ஆயிரம் காரணம் இருக்கலாம். மூக்கில் தண்ணீர் ஏறியிருக்கலாம், ஆசிரியை முறைத்திருக்கலாம், சிரித்து அலுத்திருக்கலாம். மற்ற குழந்தைகளின் கூச்சல் துளியும் குறையவில்லை. "அண்ணே! அண்ணே, ஏறாதீங்க!" என்று டிக்கெட் அக்கா கீழே அலறிக்கொண்டிருந்தாள். மதிலின் உச்சியில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகள் உள்ளங்கையில் இறங்கியது அவருக்கு உறைக்கவில்லை. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்.

கம்பத்தின் மேலிருந்த கண் திரும்பியது. அவரைத் தெரிந்துகொண்டது. காதைக் கிழிக்கும் அந்தச் சத்தம் எழுந்தது.

ஆசிரியை, மேனேஜர், தண்ணீரிலிருந்த அத்தனை பிள்ளைகள் என எல்லோரும் திரும்பி, மதில்மேல் ரத்தக் கையோடு உட்கார்ந்திருந்தவரையே பார்த்தார்கள்.

அவர் மஞ்சள் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.